பத்து வாரத்து வாத்தியார்கள்

ஆணி ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குடைஞ்சிட்டு இருந்தப்போ என்னோட எம்.எஸ்ஸி. ஆய்வேடு கண்ணுல பட்டுது. சும்மா நன்றியுரைப் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்தேன். கைடுக்கு நன்றி. லேப்ல கூட இருந்த சீனியருக்கு நன்றி. அப்பா அம்மாவுக்கு நன்றி. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் திறந்திருந்த கபாப் கடைக்காரருக்குக்கூட நன்றி சொல்லியிருக்கேன். அந்த ஆய்வேட்டை இங்கிலீஷ்ல எழுதக் கத்துக்கொடுத்த அம்மாவோட பேர் மட்டும் எங்கேயும் இல்லை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க. வருஷம் 2019. பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் நாலு வருஷம் இன்ஜினியரிங். முதல் வருஷ டெக்னிக்கல் இங்கிலீஷ் பேப்பர்ல நல்ல கிரேடு வேற. அந்தத் தெம்புல ஐயெல்ட்ஸ் எழுதினேன். கேட்கறது, படிக்கிறது, பேசறது எல்லாம் தப்பிச்சிருச்சு. எழுதறதுல 5.5. இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் இருக்கிற ஒரு யூனிவர்சிட்டி (பேரு வேண்டாமே) எழுதறதுல 6.5 கேட்டுது. சேர்த்துக்கிறோம், ஆனா முன்னாடியே வந்து பத்து வாரம் 'பிரீ-செஷனல்' இங்கிலீஷ் கோர்ஸ் படிச்சு பாஸ் பண்ணணும்னு லெட்டர் போட்டாங்க. அதுக்குத் தனியா மூணு லட்சத்துக்கு மேல ஆச்சு. அம்மாவோட வளையல் பேங்க் லாக்கர்ல இருந்து பேங்க் அடகுக்கு மாறுச்சு. ஒரே பில்டிங்தான், ரூம் மட்டும் வேற.

அந்தப் பத்து வாரம் எங்களுக்கு வகுப்பு எடுத்தவங்களுக்கு ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். 'மேடம்'னு கூப்பிட்டா முறைப்பாங்க, பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுவாங்க. எனக்கு நாக்கு வரவே இல்லை. எப்பவும் தோள்ல ஒரு துணிப்பை. அதுல 'பேலீப்'னு அச்சடிச்சிருக்கும். நான் ஏதோ யோகா கிளாஸ்னு நினைச்சுட்டு இருந்தேன். கடைசி வாரத்துல, 'அடுத்த டேர்ம்ல சந்தேகம் வந்தா உங்களை எங்கே வந்து பார்க்கறது?'ன்னு கேட்டேன். 'வெள்ளிக்கிழமையோட என் கான்ட்ராக்ட் முடியுது, அன்னிக்கு சாயங்காலத்துக்கு மேல என் ஐ.டி. கார்டு இந்தக் கதவைத் திறக்காது'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. நானும் சிரிச்சேன். அப்போ அதுல ஒண்ணும் தப்பாத் தெரியலை.

இப்போ அந்தத் துணிப்பை ஞாபகம் வந்து, பேலீப்னா என்னன்னு தோண்டப் போனேன். தோண்டத் தோண்ட ஐம்பது வருஷத்துக் கதை வருது. அதைத்தான் இங்கே கொட்டறேன்.

பேலீப்ங்கிறது ஒரு சங்கம். பல்கலைக்கழகத்துல படிக்க வர்றவங்களுக்கு, படிப்புக்குத் தேவையான இங்கிலீஷை மட்டும் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களோட சங்கம். கவிதை, ஷேக்ஸ்பியர் எல்லாம் இதுல வராது. லெக்சர் கேட்டுக் குறிப்பு எடுக்கிறது, ஆய்வுக் கட்டுரை படிக்கிறது, எழுதறது, செமினார்ல வாயைத் திறக்கிறது, இவ்வளவுதான் பாடம். இந்தத் துறைக்கு 'ஈ.ஏ.பி.'ன்னு பேர். அகாடமிக் காரியங்களுக்கான இங்கிலீஷ்னு வச்சுக்கலாம். அந்தப் பேரை 1974 வாக்கில் முதல்ல வச்சவர் பர்மிங்காம் பல்கலைக்கழகத்து டிம் ஜான்ஸ்னு சொல்லுவாங்க. அவரைப் பத்திக் கொஞ்ச நேரத்துல சொல்றேன், நம்ம ஜாதி ஆளு அவர். கம்ப்யூட்டர் ஜாதியைச் சொன்னேன்.

சங்கம் பிறந்தது 1972-ல். அப்போ அதுக்குப் பேர் செல்மஸ். விரிச்சா 'வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களுக்கான சிறப்பு ஆங்கிலப் பாடப் பொருட்கள்'. இது ஒரு ஆசிரியர் சங்கத்தோட பேர் மாதிரியா இருக்கு? ஏதோ ஸ்டேஷனரி கடை போர்டு மாதிரி இருக்கு. 'ஆசிரியர்'ங்கிற வார்த்தையே இல்லை. நான் ரொம்ப நேரம் அந்தப் பேரையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஏன் அப்படி வச்சாங்க?

இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச பிறகு ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பிரிட்டனுக்குப் படிக்க வர்றவங்க எண்ணிக்கை ஏறிக்கிட்டே போச்சு. 1951-ல் ஆரம்பிச்ச கொழும்புத் திட்டம் மாதிரியான உதவித் திட்டங்கள்ல வந்தவங்க உண்டு, சொந்த அரசாங்கம் அனுப்பி வந்தவங்க உண்டு. இன்ஜினியரிங், விவசாயம், மருத்துவம் படிக்க வந்தவங்கதான் நிறைய. இவங்க இங்கிலீஷ்ல திணறினா என்ன பண்றதுன்னு பல்கலைக்கழகங்கள் யோசிச்சு வைக்கலை. இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட்ல போய்க் கேட்டா, நாங்க மில்டன் நடத்தறவங்கப்பான்னு கையை விரிப்பாங்க. கடைசியில ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் யாரோ ஒருத்தரைப் பிடிச்சு ஒரு மூலையில உட்கார வச்சு, 'இவங்களை நீங்க பார்த்துக்கோங்க'ன்னு விட்டாங்க.

அந்த ஒருத்தர் என்ன பண்ணுவார்? கையில புத்தகமே கிடையாது. மண் இயந்திரவியல் படிக்கிற சூடான்காரருக்கு 'ஜான் கடைக்குப் போனான்' பாடம் எப்படி உதவும்? 1965-ல் ஹெர்பர்ட் எழுதிய டெக்னிக்கல் இங்கிலீஷ் அமைப்பு பற்றின புத்தகம் ஒண்ணு இருந்துது. 1971-ல் ஜான் ஸ்வேல்ஸ் எழுதிய, அறிவியல் ஆங்கிலம் எழுதறது பற்றின புத்தகம் வந்துது. லிபியாவில் திரிப்போலி இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் எடுத்த அனுபவத்துல அவர் எழுதினது அது. இன்னும் சில இருந்திருக்கும், ஆனா விரல் விட்டு எண்ணிடலாம். அதனால ஒவ்வொருத்தரும் ராத்திரி உட்கார்ந்து தானே தயாரிச்சு, ஸ்டென்சில் வெட்டி, உருட்டி எடுத்து, மறுநாள் காலையில கொடுத்தாங்க. பக்கத்து ஊர்ல இன்னொருத்தர் அதே ராத்திரி அதையே தயாரிச்சுக்கிட்டு இருப்பார். இவருக்கு அவரைத் தெரியாது.

இப்போ செல்மஸ்னு பேர் வச்சது புரியுதில்ல? ஒவ்வொருத்தரும் தனித்தனியா சக்கரம் கண்டுபிடிக்கிறதை நிறுத்தி, தயாரிச்ச ஷீட்டை ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கலாம்னு கூடின கூட்டம். கிட்ஹப் இல்லாத காலத்து கிட்ஹப். சங்கம்னு சொன்னா கொடி, கோஷம், ஊதிய உயர்வுன்னு நமக்கு ஞாபகம் வரும். இவங்க தங்களைப் பத்தி எதுவும் கேட்கவே இல்லை. 'பாடப் பொருள்'னு பேர் வச்சுக்கிட்டு அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்ட மாதிரிதான் எனக்குத் தோணுது.

ஆனா அந்த ஒளிஞ்சுக்கிட்ட கூட்டம் பண்ணின வேலை லேசுப்பட்டது இல்லை. முதல்ல, மாணவனுக்கு என்ன தெரியலைன்னு அவன்கிட்டயே கேட்கலாம்னு ஆரம்பிச்சாங்க. மான்செஸ்டர், நியூகாசில் ரெண்டு பல்கலைக்கழகங்கள்லேயும் படிச்ச வெளிநாட்டு முதுகலை மாணவர்கள் பேச்சு ஆங்கிலத்துல எங்கே தடுமாறறாங்கன்னு ஜோர்டனும் மக்காயும் சர்வே எடுத்து 1973-ல் வெளியிட்டாங்க. ரிக்வயர்மெண்ட் கேட்காம கோட் எழுதக்கூடாதுன்னு நமக்கு இன்னிக்கும் பாடம் நடத்தறாங்களே, அதே விஷயம்தான். 1977-ல் செல்மஸும் பிரிட்டனின் பயன்பாட்டு மொழியியல் சங்கமும் சேர்ந்து ஒரு கட்டுரைத் தொகுப்பு கொண்டு வந்தாங்க. அதோட தொகுப்பாசிரியர்கள்ல ஒருத்தர் லீட்ஸ்காரர், ஏ.பி.கௌவி. நம்ம வீட்டு அலமாரிகள்ல அட்டை கிழிஞ்சு கிடக்கிற ஹார்ன்பி ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரி இருக்கில்ல, அதோட 1989-ல் வந்த நாலாம் பதிப்புக்கு ஆசிரியர் இவர்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை பர்மிங்காம்ல நடந்தது. டிம் ஜான்ஸும் டோனி டட்லி-எவன்ஸும் ஒரு சோதனை பண்ணினாங்க. போக்குவரத்துத் துறை, தாவர உயிரியல் துறை ரெண்டையும் எடுத்துக்கிட்டாங்க. துறைப் பேராசிரியரோட லெக்சரை டேப்ல பதிவு பண்ணிடுவாங்க. இங்கிலீஷ் ஆசிரியர் அதைக் கேட்டுக் கேள்விகள் தயாரிப்பார். அப்புறம் மூணு தரப்பும் ஒரே ரூம்ல உட்காருவாங்க. துறைப் பேராசிரியர், இங்கிலீஷ் ஆசிரியர், மாணவர்கள். மாணவனுக்குத் தான் எதைக் கோட்டை விட்டோம்னு தெரியும். பேராசிரியருக்கோ, தான் சொன்னது போய்ச் சேர்ந்துதா இல்லையான்னு தெரியும். இதை 1980-ல் கட்டுரையா வெளியிட்டாங்க.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். அதுவரைக்கும் 'பையனுக்கு இங்கிலீஷ் வரலை' அப்படிங்கிறது பையனோட வியாதி. இங்கிலீஷ் ஆசிரியர் கம்பவுண்டர், மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பணும். இந்த ரூம்ல உட்கார்ந்த பிறகுதான், பிரச்சினை சொல்றவர் பக்கமும் இருக்கலாம்னு ஆச்சு. நான் காலேஜ் படிச்சப்போ ஒரு வாத்தியாராவது 'நான் நடத்தினது புரிஞ்சுதா'ன்னு டேப் போட்டுப் பார்த்திருப்பாரா? அட விடுங்க, நாமளே ஆபீஸ்ல கிளையண்ட் கால் முடிஞ்சு யாருக்கு என்ன புரிஞ்சுதுன்னு கேட்டுக்கிறது இல்லை.

டிம் ஜான்ஸ் நம்ம ஜாதின்னு சொன்னேனே. மாணவர்கள் ஒவ்வொருத்தரா கட்டுரையைத் தூக்கிட்டு அவர்கிட்ட வருவாங்க. 'இந்த இடத்துல இந்த வார்த்தை ஏன் வரக்கூடாது?'ன்னு கேட்பாங்க. இலக்கண விதி சொல்றதுக்குப் பதிலா கம்ப்யூட்டரைத் திறப்பார். நிஜமான கட்டுரைகள் நிறைஞ்ச ஒரு தொகுப்புல அந்த வார்த்தை வர்ற ஒவ்வொரு வரியையும் இழுத்து, வார்த்தை நடுவுல வர்ற மாதிரி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கிக் காட்டுவார். நீயே பார்த்து விதியைக் கண்டுபிடின்னுடுவார். யுனிக்ஸ்ல 'கிரெப்' அடிக்கிறோமே, அதேதான். 1984-லேயே ஜான் ஹிக்கின்ஸ்கூட சேர்ந்து மொழி கத்துக்க கம்ப்யூட்டர்னு புத்தகம் போட்டிருக்கார். 1993-ல் மைக் ஸ்காட்டோட சேர்ந்து 'மைக்ரோகன்கார்டு'னு ஒரு மென்பொருளே வெளியிட்டார். 2009-ல் இறந்துட்டார். எங்க பத்து வாரத்து அம்மாவும் லேப்ல உட்கார வச்சு இதே வேலையைச் சொல்லிக்கொடுத்தாங்க. அதுக்குப் பின்னாடி இப்படி ஒருத்தர் இருந்தார்னு எனக்கு அப்போ தெரியாது.

அடுத்தது துண்டு மேட்டர்.

எனக்கு எழுதறதுன்னா ஸ்கூல்ல கத்துக்கொடுத்த முன்னுரை, பொருளுரை, முடிவுரைதான். ஆய்வு அறிமுகத்தோட முதல் டிராஃப்டை 'இன்றைய நவீன உலகில் கம்ப்யூட்டர் இல்லாத துறையே இல்லை'ங்கிற தினுசுல ஆரம்பிச்சிருந்தேன். அப்புறம் மென்பொருள்னா என்ன, அதுல பிழைன்னா என்னன்னு ஒன்றரைப் பக்கம். அந்த அம்மா படிச்சுட்டு, 'எல்லாம் சரி, நீ எதுக்கு இதை எழுதறே?'ன்னு கேட்டாங்க. எம்.எஸ்ஸி. வாங்கத்தான்னு சொல்ல வந்து நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். போர்டுல மூணு படி போட்டாங்க. ஒண்ணு, எந்த இடத்தைப் பத்திப் பேசறேன்னு காட்டு. ரெண்டு, அந்த இடத்துல இன்னும் யாரும் தொடாத காலி எதுன்னு காட்டு. மூணு, அந்தக் காலியில நீ உட்காரு.

எனக்கு உடனே எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகம் வந்துது. பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, எந்த சீட் காலின்னு கண்டுபிடிச்சு, துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே. ஆய்வுக் கட்டுரையோட அறிமுகம்னா அதுதான். பஸ்ஸைக் காட்டு, காலி சீட்டைக் காட்டு, துண்டைப் போடு. நான் அதுவரைக்கும் பஸ்ஸோட வரலாறு எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்.

இந்த மூணு படியைக் கண்டுபிடிச்சவர் வேற யாரும் இல்லை, லிபியாவுல பாடம் எடுத்த அதே ஜான் ஸ்வேல்ஸ். நடுவுல சூடான்ல கார்ட்டூம் பல்கலைக்கழகத்துல இருந்துட்டு, 1978-ல் பர்மிங்காம்ல இருக்கிற ஆஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பல துறைகள்ல இருந்து 48 ஆய்வுக் கட்டுரைகளோட அறிமுகப் பகுதியை மட்டும் எடுத்து வரிவரியாப் பிரிச்சு மேய்ஞ்சார். எல்லாத்துலேயும் ஏறக்குறைய ஒரே அசைவுகள் இருக்கறதைப் பார்த்தார். 1981-ல் ஆஸ்டன்லேயே ஒரு சின்ன வெளியீடா அது வந்துது. முதல்ல நாலு படி. 1990-ல் வந்த அவரோட பெரிய புத்தகத்துல அது மூணா ஆச்சு. அதுக்குள்ள அவர் அமெரிக்காவுக்கு, மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போயிட்டார். இன்னிக்கு உலகம் பூரா ஆய்வு எழுதறது எப்படின்னு சொல்லிக்கொடுக்கிற புத்தகங்கள்ல இந்த மூணு படி இல்லாம இருக்கறது அபூர்வம். ஸ்டென்சில் வெட்டிக்கிட்டு இருந்தவங்க நடுவுல இருந்து வந்த விஷயம் இது.

இதெல்லாம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே காசு விஷயம் ஒண்ணு குறுக்கே புகுந்துது. முன்னெல்லாம் பிரிட்டன்ல வெளிநாட்டு மாணவனுக்கும் உள்ளூர் மாணவனுக்கும் ஒரே ஃபீஸ். 1967-ல் லேபர் அரசாங்கம் அதை மாத்தி, உள்ளூர்க்காரங்களுக்கு 70 பவுண்டுன்னா வெளிநாட்டுக்காரங்களுக்கு 250 பவுண்டுன்னு வச்சுது. 1979-ல் வந்த தாட்சர் அம்மையாரோட அரசாங்கம், 1980-ல் இருந்து வர்ற வெளிநாட்டு மாணவர்கள் படிப்போட முழுச் செலவையும் தாங்களே கட்டணும்னுடுச்சு. அதுவரைக்கும் விருந்தாளி. அதுக்கப்புறம் வாடிக்கையாளர். மூலையில உட்கார வச்சிருந்த இங்கிலீஷ் ஆசிரியருக்கும் அன்னிக்குத்தான் விலை வந்துது. அந்த வாடிக்கையாளரை உள்ளே கொண்டு வர்ற வாசல்ல அவர்தானே நிக்கிறார்.

வாசல்னா பரிட்சை வேணும்ல. 1980-ல் பிரிட்டிஷ் கவுன்சில் 'எல்ட்ஸ்'னு ஒரு தேர்வு கொண்டு வந்துது. அதுல உயிர் அறிவியல், இயற்பியல் அறிவியல், தொழில்நுட்பம், சமூகவியல், மருத்துவம், பொதுன்னு ஆறு வகை. இன்ஜினியருக்கு இன்ஜினியரிங் கட்டுரை, டாக்டருக்கு மருத்துவக் கட்டுரை. நல்ல யோசனைதான், ஆனா நடத்தறதுக்குத் தலைவலி. 1989-ல் அது ஐயெல்ட்ஸா மாறினப்போ ஆறு மூணாச்சு. 1995-ல் மூணும் ஒண்ணாச்சு. அதனாலதான் மென்பொருள் படிக்கப் போன நான் எழுதும் தேர்வுல, பெரிய நகரங்கள்ல வாழறதோட நன்மை தீமை பத்திக் கட்டுரை எழுதி 5.5 வாங்கினேன். (என் தப்பைத் தேர்வு மேல போடலை. சரி, கொஞ்சம் போடறேன்.)

அதே 1989-ல்தான் செல்மஸும் பேரை மாத்திக்கிச்சு. புதுப் பேர் பேலீப். 'அகாடமிக் காரியங்களுக்கான ஆங்கில விரிவுரையாளர்களின் பிரிட்டிஷ் சங்கம்'. பழைய பேர்ல பாடப் பொருள் இருந்துது, மாணவன் இருந்தான். பதினேழு வருஷம் கழிச்சு முதல் தடவையா விரிவுரையாளர் வந்துட்டார். நாங்க ஷீட் தயாரிக்கிறவங்க இல்லை, பல்கலைக்கழக ஆசிரியர்கள்னு அந்தப் பேர் சொல்லுது. அடுத்தடுத்து வேலைகளும் அதுக்கு ஏத்த மாதிரி நடந்துது. பிரீ-செஷனல் கோர்ஸ்களை நேர்ல போய்ப் பார்த்துத் தரச்சான்று கொடுக்கிற திட்டம் ஒண்ணு கொண்டு வந்தாங்க. 2002-ல் இந்தத் துறைக்குன்னே ஒரு ஆய்விதழ் வந்துது, லிஸ் ஹாம்ப்-லயன்ஸும் கென் ஹைலண்டும் ஆசிரியர்கள். 2008-ல் ஒரு ஈ.ஏ.பி. ஆசிரியருக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு பட்டியல் போட்ட ஒரு ஆவணத்தைச் சங்கம் வெளியிட்டுது. ஒரு தொழில் தன்னைத் தொழில்னு நிரூபிக்க என்னென்ன பண்ணணுமோ எல்லாம் பண்ணிட்டாங்க.

ஆனா எங்க அம்மாவோட ஐ.டி. கார்டு மட்டும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை செய்யலை.

இதுதான் என்னை உறுத்துது. அலெக்ஸ் டிங், இயன் புரூஸ் ரெண்டு பேரும் 2017-ல் ஈ.ஏ.பி. ஆசிரியர்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினாங்க. பல்கலைக்கழகத்தோட விளிம்புல வேலை செய்யறவங்கன்னு தலைப்புலேயே வருது. 1991-லேயே அமெரிக்காவுல ஆன் ரேய்ம்ஸ்னு ஒரு ஆசிரியை, நாம மத்த துறைகளுக்கு வீட்டு பட்லர் மாதிரி நிக்கிறோமேன்னு எழுதியிருக்காங்க. எத்தனையோ பல்கலைக்கழகங்கள்ல இந்த ஆசிரியர்கள் எந்தத் துறையிலும் சேர்த்தி இல்லை, லைப்ரரி, ஹாஸ்டல் மாதிரி 'சேவைப் பிரிவு'ல இருக்காங்க. ஆராய்ச்சிக்கு நேரம் கிடையாது. கோடையில கூட்டம் வரும்போது பத்து வாரத்துக்கு ஆள் எடுப்பாங்க, செப்டம்பர்ல அனுப்பிடுவாங்க. 2006-ல் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் 'இன்டோ'ங்கிற தனியார் கம்பெனியோட சேர்ந்து இந்த ஆயத்தப் படிப்பையெல்லாம் நடத்த ஆரம்பிச்சுது. பின்னாடியே வேற பல இடங்கள்லேயும் தனியார் வந்துட்டாங்க. நமக்குத் தெரியாத கதையா? பேங்க்காரன் ஐ.டி. வேலையை வெளியே கொடுக்கிறான், நாம எடுத்துச் செய்யறோம், ப்ராஜெக்ட் முடிஞ்சா பெஞ்சுக்குப் போறோம். எங்க அம்மாவுக்கு பெஞ்சுகூட இல்லை. குளிர்காலத்துல துருக்கியில ஏதோ ஒரு காலேஜ்ல வகுப்பு எடுப்பாங்களாம், ஜூன்ல பெட்டியோட திரும்பி வருவாங்களாம்.

இவங்க பக்கம் மட்டும் பேசினா நியாயம் இல்லை. இந்தத் தொழில் மேலயே ஒரு பெரிய கேள்வி இருக்கு. உலகத்துல இருக்கிற எல்லா ஆராய்ச்சியும் ஏன் இங்கிலீஷ்ல எழுதப்படணும்? ஸ்வேல்ஸ் கண்டுபிடிச்ச மூணு படியை நாங்க ஏன் ஏறணும்? 1992-ல் ராபர்ட் ஃபிலிப்சன் மொழி ஏகாதிபத்தியம்னு ஒரு புத்தகம் எழுதி இந்தத் தொழிலையே கூண்டுல ஏத்தினார். ஆனா எனக்கு அதைவிட நெருக்கமாப் பட்டது நம்ம ஆள் ஒருத்தர் எழுதினது. சுரேஷ் கனகராஜா, யாழ்ப்பாணத்துக்காரர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல இங்கிலீஷ் கத்துக்கொடுத்தவர், 1994-ல் வெளியேறி அமெரிக்கா போனார். 2002-ல் ஆய்வு எழுத்தோட புவி அரசியலைப் பத்திப் புத்தகம் போட்டார். போர் நடக்குது, பொருளாதாரத் தடை, கரண்ட் கிடையாது, மண்ணெண்ணெய்க்கே திண்டாட்டம், பேப்பர் கிடைக்காது. வெளிநாட்டு ஆய்விதழோ, இத்தனை பிரதி அனுப்பு, இந்த மாதிரி தாள்ல அனுப்பு, இந்த வடிவத்துல மேற்கோள் பட்டியல் கொடுங்குது. தபால் போய் வர்றதே மாசக்கணக்கு. இங்கிலீஷ் எவ்வளவு நல்லாத் தெரிஞ்சிருந்தாலும் அந்த வாசல் திறக்காது. ஆராய்ச்சி உலகத்துல யார் குரல் கேட்கும்ங்கிறதைத் தாளும் தபாலும்கூடத் தீர்மானிக்குதுன்னு அவர் எழுதினதைப் படிச்சப்போ, துண்டு போட பஸ்ஸே வராத ஊரும் இருக்குன்னு உறைச்சுது.

ரெண்டு பக்கத்தையும் எடை போட்டு என்னால தீர்ப்பு சொல்ல முடியலை. இங்கிலீஷ்ல எழுதணும்ங்கிற விதியை வச்சது அந்த அம்மா இல்லை. அந்த விதி எனக்குத் தெரியாததாலதான் பள்ளிக்கூடக் கட்டுரை எழுதிக்கிட்டு இருந்தேன். தெரிஞ்சவங்க ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து அதை உடைச்சுச் சொன்னாங்க. அது ஏகாதிபத்தியமா உபகாரமான்னு கேட்டா, வளையல் மீட்டாச்சு, அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலை.

சங்கம் அப்புறம் இன்னொரு தடவையும் பேரைத் தொட்டுது. இப்போ பேலீப்ங்கிற எழுத்துக்களை மட்டும் வச்சுக்கிட்டு, ஈ.ஏ.பி. தொழில் செய்யறவங்களோட உலகளாவிய மன்றம்னு அடைமொழி போட்டுக்கிறாங்க. சீனா, மத்திய கிழக்கு, ஐரோப்பான்னு எல்லா இடத்திலும் இங்கிலீஷ்ல பல்கலைக்கழகப் பாடம் நடக்கும்போது 'பிரிட்டிஷ்'ங்கிறதைத் தூக்கிப் பிடிக்கிறதுல அர்த்தம் இல்லைதான். ஆனா அதோட சேர்த்து விரிவுரையாளர்ங்கிற வார்த்தையும் போயிடுச்சு, 'தொழில் செய்யறவங்க' வந்துட்டாங்க. கஷ்டப்பட்டு உள்ளே வந்த வார்த்தை. நான் ஓவரா யோசிக்கிறேனோ என்னவோ.

2020 கோடையில கொரோனாவால பிரீ-செஷனல் எல்லாம் ஆன்லைனுக்குப் போச்சு. 2024 ஜனவரியில இருந்து பெரும்பாலான முதுகலை மாணவர்கள் பிரிட்டனுக்குக் குடும்பத்தைக் கூட்டிட்டு வர முடியாதுன்னு விதி வந்துது. வர்றவங்க குறைஞ்சாங்க, பல பல்கலைக்கழகங்கள் ஆள் குறைப்புல இறங்கிடுச்சு. வாடிக்கையாளர் குறைஞ்சா வாசல்ல நிக்கிறவங்க கதி என்னன்னு தனியாச் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வேட்டை மூடி வச்சுட்டு, ஆறு வருஷம் தாமதமா, அந்த அம்மாவுக்கு ஒரு மெயில் எழுத உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆச்சு. முதல் வரியில 'இன்றைய நவீன உலகில்'னு போட்டு வெறுப்பேத்தலாமான்னுகூட யோசிச்சேன். கோர்ஸ் கையேட்டுல இருந்த யூனிவர்சிட்டி முகவரிக்கு அனுப்பினேன். ரெண்டே நிமிஷத்துல திரும்பி வந்துடுச்சு, அப்படி ஒரு முகவரியே இல்லையாம்.

உங்கள்ல யாராவது அந்தப் பக்கம் போய் பிரீ-செஷனல் படிச்சிருந்தா, உங்க பத்து வாரத்து வாத்தியாரைப் பத்திப் பின்னூட்டத்துல எழுதுங்க. பேர் வேண்டாம். என்ன சொல்லிக்கொடுத்தாங்கன்னு மட்டும் எழுதினாப் போதும்.